மாறு உண்டா என்று கேட்ட சன்னிதி

மதகூர்ப் பெரிய ஏரியில் மண் எடுக்கும் காலம் வந்தால், கையில் ஓர் அளவுகோலும் இடுப்பில் எழுத்தாணியுமாக வெயிலில் அலைகிற ஒருவரைப் பார்க்கலாம். அவர்தாம் ஆலங்காடனார். ஏரி வேலைக்கு அரசரின் கருவூலம் என்ன கொடுத்தது, அது எப்படிச் செலவாயிற்று என்று எழுதப் பெரிய மனிதர்கள் பலர் நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். அந்தச் செலவால் ஊருக்கு என்ன கிடைத்தது என்று எழுதுவதுதான் யாருக்கும் வேண்டாத வேலை. அது இவர் தலையில் விழுந்தது. காலையில் மதகடியீசரைக் கும்பிட்டுவிட்டு ஏரிக்குள் இறங்குவார். பொழுது சாய்ந்ததும் கரையேறி மறுபடியும் கும்பிடுவார். அவர் வேண்டியது ஒன்றே ஒன்று: "கண்டதை எழுத வை, சுவாமி."

ஏரியை எவ்வளவு ஆழப்படுத்தினார்கள் என்று அறிய அவ்வூரில் ஒரு வழக்கம் இருந்தது. தோண்டும்போது இருபத்தொரு இடங்களில் மண்ணைத் தொடாமல் தூண் போல் விட்டுவிடுவார்கள். அதற்குச் சாட்சித் திட்டு என்று பெயர். திட்டின் உச்சி பழைய தரை, அடி புதிய தரை. அடியிலிருந்து உச்சிவரை கோலால் அளந்தால் ஆழம் தெரிந்துவிடும். அதை ஓலையில் எழுதி, ஆடி மாதத்தில் ஈசர் சன்னிதியில், அரசரின் கண்காணி முன்னிலையில் வாசிக்க வேண்டும். வாசித்ததும் மேளக்காரர், "மாறு உண்டா?" என்று மூன்று முறை கேட்பார். ஒருவரும் வாய் திறக்காவிட்டால் ஓலை அரசருக்குப் போகும்.

முதல் ஆண்டு ஏரியின் ஒரு பங்கைத் தோண்டினார்கள். கோல் எட்டுச் சாண் காட்டியது. ஆலங்காடனார் எட்டுச் சாண் என்று வாசித்தார். இரண்டாம் ஆண்டு இன்னொரு பங்கு. அதுவும் எட்டுச் சாண். ஓலையில் ஏரி நிறைந்துதான் இருந்தது. மெய்யான ஏரியோ தை பிறக்கும் முன்பே வற்றிப்போயிற்று. கடைமடை வயல்கள் காய்ந்தன. கலங்கல் தண்ணீரைக் குடித்து ஊரில் காய்ச்சல் கண்டது. அந்தக் காய்ச்சலில்தான் ஆலங்காடனாரின் மனைவி உமையாள் போனார்.

"எட்டுச் சாண் தோண்டுன ஏரிங்க. எங்க போச்சு தண்ணி?" என்று அந்த அம்மாள் படுக்கையில் கிடந்தபடி கேட்டார். வேறு யார் கேட்டிருந்தாலும் ஆலங்காடனார் ஏதாவது சொல்லியிருப்பார். அன்று அவரால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. அதற்குப் பிறகு அவர் உடம்பில் ஓர் அலுப்பு வந்து குடியேறியது. தூங்கினாலும் தீராத அலுப்பு.

மூன்றாம் ஆண்டு பங்குனியில், மீதிப் பங்கில் திட்டுகளுக்கு இடம் குறித்த அன்று, ஒவ்வோர் இடத்திலும் ஒரு வில்வ இலையை வைத்துக் கும்பிட்டார். "என் கண்ணு எனக்குப் போதலை சுவாமி. நீயே இங்க உக்காந்து பாத்துக்க" என்றார். வேலையை ஏற்று நடத்திய சேந்தர் அதைப் பார்த்துச் சிரித்தார்.

"என்னங்காணும், ஏரிக்குள்ள இருபத்தோரு கோயிலா? கும்பாபிஷேகம் எப்போ?"

ஆட்களும் சிரித்தார்கள். அன்று முதல் அவருக்கு மண்சாமி என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

வேலை முடிந்தது. கோல் மறுபடியும் எட்டுச் சாண் காட்டியது. திட்டின் மேல் புல் பச்சென்று இருந்தது. தாம் வைத்த இலைகளைத்தான் காணவில்லை. காற்று கொண்டுபோயிருக்கும் என்று அவர் நினைத்துக்கொண்டார். ஓலையைக் கையில் எடுத்தார், எழுத வரவில்லை.

"கோல் எட்டுன்னுதான் சொல்லுது. ரெண்டு வருசமாத் தண்ணி அப்படிச் சொல்லலையே" என்றார் சேந்தரிடம்.

"தண்ணிகிட்டயா கேட்டு எழுதச் சொன்னாங்க? கோலைப் பாத்து எழுதும்."

"எனக்கு மனசு வரலை."

அவ்வளவுதான். வேலை போயிற்று. கோல் வேறொருவர் கைக்கு மாறியது. ஆலங்காடனார் அதே ஏரியின் கரையை உயர்த்தக் கூலிக்கு மண் சுமந்தார். "மண்சாமிக்கு மண்ணே கிடைச்சுது" என்றார்கள். அவர் கோபப்படவில்லை. கோபப்படவும் தெம்பு வேண்டுமே. கும்பிடுவதை மட்டும் ஒரு வேளையும் விடவில்லை.

ஆடி வந்தது. இந்த மூன்றாம் ஓலையும் ஏறிவிட்டால் ஏரி வேலை முற்றிற்று என்று கருவூலம் கணக்கை முடித்துவிடும். பிறகு பன்னிரண்டு ஆண்டுக்கு ஒரு கூடை மண்ணும் எடுக்க முடியாது. சன்னிதியில் கூட்டம் நின்றது. புதிய ஆள் எட்டுச் சாண் என்று கணீரென வாசித்தார். மேளக்காரர் ஒரு முறை கேட்டார், இரண்டு முறை கேட்டார். கடைமடைக்காரர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். மூன்றாம் முறை கேட்டதும், பின்வரிசையில் மண்ணும் வேர்வையுமாக நின்ற ஆலங்காடனாரின் குரல் வந்தது.

"உண்டு."

கண்காணி நிமிர்ந்து பார்த்தார். "என்ன சான்று?"

"சான்று எங்கிட்ட ஒண்ணும் இல்லைங்க. தையில ஏரி வத்திப்போச்சு. அதான் எனக்குத் தெரியும்."

சன்னிதி என்றும் பாராமல் சிரித்தார்கள். கண்காணி மட்டும் சிரிக்கவில்லை. எல்லாரையும் அழைத்துக்கொண்டு ஏரிக்குள் இறங்கினார். முதல் திட்டை அளந்தார்கள். எட்டுச் சாண். ஆலங்காடனார் வழக்கப்படி அந்தத் திட்டைக் கும்பிட்டு, "இதும்மேல ஒரு வில்வம் வச்சிருந்தேன்" என்று தமக்குத் தாமே சொன்னார்.

"ஆடு தின்னிருக்கும்" என்றார் சேந்தர்.

கண்காணிக்கு என்ன தோன்றிற்றோ, திட்டை உச்சியிலிருந்து வெட்டச் சொன்னார். புல் பெயர்ந்தது. அதன் கீழே உதிரி மண் வந்தது. ஒரு சாண் போயிற்று, இரண்டு சாண் போயிற்று. மூன்றாவது சாணும் போனதும் மண்வெட்டி கெட்டித் தரையில் பட்டு நின்றது. அங்கே, நூறு நாள் மண்ணுக்குள் கிடந்த வில்வம், அன்று காலையில் பறித்தாற்போல மூன்று இலையும் பச்சையாக இருந்தது. இருபத்தொரு திட்டிலும் அப்படியே. எட்டுச் சாண் காட்டத் திட்டின் தலையில் மண்ணேற்றிப் புல் பதித்திருந்தார்கள். தோண்டியது ஐந்தே சாண்.

சேந்தரைக் காவலர் சூழ்ந்தார்கள். கண்காணி புதிய ஓலையை ஆலங்காடனாரிடம் நீட்டினார். அவர் வாங்கவில்லை.

"போன ரெண்டு வருசத்து ஓலையையும் கொண்டாரச் சொல்லுங்க. அதை வாசிச்சவன் நான். உச்சியத் தோண்டிப் பாக்காம அளந்தவனும் நான்தான்."

"தெரியாமச் செஞ்சது. இப்ப சொன்னா உமக்கும் தண்டனை வருமே."

"வரட்டுங்க. கேட்டவ போயிட்டா. அவளுக்குப் பதில் சொல்லணும்."

மூன்று ஓலைகளையும் திருத்தி, ஈசர் முன் நின்று வாசித்தார். பழைய இரண்டிலும் அளந்தது பிழை என்று எழுதி, பிழை செய்தவர் பெயராகத் தம் பெயரைச் சேர்த்திருந்தார். மேளக்காரர் வழக்கப்படி, "மாறு உண்டா?" என்று கேட்டார். மூன்றாம் முறை கேட்டபோது கருவறைக்குள்ளிருந்து பதில் வந்தது.

"இல்லை."

குருக்கள் வெளியே கூட்டத்தோடு நின்றிருந்தார். உள்ளே ஈசர் ஒருவரே இருந்தார். கண்காணி கைகளைத் தலைக்குமேல் குவித்தார். தண்டனை என்ற பேச்சை அதற்குப் பிறகு யாரும் எடுக்கவில்லை. ஆலங்காடனார் மெல்லத் தூணோரம் போய் உட்கார்ந்து சாய்ந்தார். உட்கார்ந்ததும் தூங்கிவிட்டார். உமையாள் போனபின் முதல்முறையாக அலுப்பைத் தீர்க்கிற தூக்கம். அர்த்தசாமப் பூசை முடிந்து கதவடைக்கும் நேரத்திலும் அவரை எழுப்ப ஒருவருக்கும் மனம் வரவில்லை.

குறைந்ததைக் குறைந்தது என்றும், தம் பிழையைத் தம்முடையது என்றும் இறைவன் கேட்க வாசித்த ஆலங்காடனாரின் மண் படிந்த பாதங்களை வணங்குவோம்.