பழனாத்தாள் தைத்த அரக்குப் பாவாடை

கொங்கு நாட்டில் கொன்றைப்பாளையம் என்னும் ஊரில், செல்லாண்டியம்மன் கோயிலை ஒட்டிய சந்தில், பழைய தையல் மிஷினை நம்பி வாழ்ந்தவர் பழனாத்தாள் அம்மையார். ஊராருக்கு ரவிக்கை தைப்பார். கிழிந்ததை ஒட்டுப்போட்டுக் கொடுப்பார். விடிந்ததும் சன்னதியைக் கூட்டிக் கோலமிட்ட பிறகுதான் மிஷினை மிதிப்பார். மிதிக்கும்போதும் வாய் "ஆத்தா, தாயே" என்றே சொல்லிக்கொண்டிருக்கும்.

இளவயதிலேயே கணவரை இழந்தவர். கூழோ கஞ்சியோ கிடைத்ததை உண்டு, மிச்சம் பிடித்த காசையெல்லாம் ஈரோட்டு ஜவுளிச் சந்தைக்குக் கொண்டுபோவார். மனத்துக்குப் பிடித்த கட் பீஸ்களை வாங்கித் தகரப் பெட்டியில் வேப்பிலை போட்டு வைப்பார். தமக்கென்று ஒரு முழம் வெட்டியதில்லை. ஆண்டுதோறும் பங்குனி நோன்பித் திருவிழாவுக்கு அம்மனுக்குப் பாவாடை தைக்கும் உரிமை அவருடையது. அதற்குத்தான் அத்தனை துணியும்.

"உடுத்திக்கறது ஒட்டுச்சீலை, பொட்டி நெறையாப் பட்டு! புதையல் காக்கற பூதமாட்டம்" என்று பால்காரர் வீட்டு ருக்குமணி வாய்க்கு வாய் கேலி செய்வாள். அம்மையாருக்குக் கோபமே வராது. "என்ற ஆத்தாளுக்குத்தானுங்க" என்று சிரித்துவிட்டு ஊசியில் நூல் கோப்பார். பெட்டியைத் திறந்து துணிகளைத் தடவிப் பார்ப்பதே அவருக்கு விருந்து. அப்படி ஒரு நிறைவு கோடீசுவரனுக்கும் வாய்க்காது.

அவ்வூரில் அம்மனுக்கு எதைச் சாத்துவதானாலும் பூக் கேட்பார்கள். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனியே இலையில் மடித்துப் பாதத்தில் போட்டு, பூசாரி கண்ணை மூடி ஒன்றை எடுப்பார். வெள்ளை வந்தால் சம்மதம். அம்மையாரின் பாவாடைக்கு என்றும் வெள்ளைதான் வந்தது. ஒரு நோன்பியன்று, மயில்கழுத்து நிறப் பட்டில் கண் நோகத் தைத்துக் கொண்டுபோன பாவாடைக்குச் சிவப்பு வந்தது. குளித்துவிட்டு வந்து மறுபடி கேட்டார்கள். மீண்டும் சிவப்பு.

"கஞ்சக் கை தெச்சது ஆத்தாளுக்கு வேண்டாமாட்ட இருக்குது. இனி வேற ஆளப் பாருங்க" என்றாள் ருக்குமணி. ஊர்ப் பெரியவர்களும் தலையசைத்தார்கள். உயிராய் நினைத்த உரிமை கைநழுவிப் போகும் நிலை. அம்மையார் கலங்கவில்லை. சன்னதி முன் உட்கார்ந்து, "என்ன கொற வெச்சேன், சொல்லாத்தா" என்று கேட்டார். கேட்ட மாத்திரத்தில் அவருக்கே பதில் தெரிந்துவிட்டது.

பெட்டியின் அடியில் அரக்கு நிறப் பட்டுத் துண்டு ஒன்று இருந்தது. அவருடைய ஒரே மகள் பொன்னி, நோன்பிக்கு உடுத்த ஆசைப்பட்டுக் கேட்டது. தைப்பதற்குள் குழந்தை காய்ச்சலில் போய்விட்டாள். எல்லாம் ஆத்தாளுக்கு என்று சொல்லிவந்த அம்மையார், அதை மட்டும் தமக்கென ஒளித்து வைத்திருந்தார். கத்திரி வைக்க மனம் வந்ததேயில்லை.

ஓடிப்போய் அதை எடுத்துவந்து சன்னதியில் வைத்தார். பூக் கேட்டார்கள். வெள்ளை வந்தது.

பொழுது சாய்வதற்குள் சாத்தியாக வேண்டும். கோயில் மண்டபத்திலேயே உட்கார்ந்து, நெஞ்சு கனக்க வெட்டி, கைத்தையலாகவே தைத்து முடித்தார். உதறிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. கை தன்னையறியாமல் பொன்னியின் அளவுக்கு வெட்டியிருந்தது. அம்மனுக்கு ஒரு சாண் குட்டை. சேர்த்துத் தைக்கத் துணியும் இல்லை.

"தப்புப் பண்ணிப்போட்டனுங்க சாமி. என்ற புள்ள அளவுக்கு வெட்டிப்போட்டனுங்க" என்று பூசாரி நாச்சிமுத்துவிடம் கைகூப்பினார்.

"ஆத்தா கேட்டு வாங்குனது அம்மிணி. கட்டித்தான் பாப்பமே" என்று அவர் வாங்கிக்கொண்டுபோய்த் திரையிட்டார்.

திரை விலகியது. அரக்குப் பாவாடை அம்மனின் கணுக்காலைத் தொட்டு, அளந்து தைத்ததுபோல் நின்றது. துணி நீண்டதோ, தாய்தான் குறுகினாளோ, யாருக்குத் தெரியும்! ருக்குமணி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அம்மையார் அம்மனைப் பார்த்துக் கண்ணீர் வழியச் சிரித்து, "நல்லா இருக்குதா கண்ணு?" என்று கேட்டார்.

மகளாய் வந்து கேட்டவளுக்கு, ஒளித்து வைத்ததையும் எடுத்துக் கொடுத்த அந்தக் கைகளுக்கு நம் வணக்கம்.