டாக்டரம்மா சொன்னதாக ஒரு வீடியோ

சொந்தக் குரலே ஒருவரைப் பிடித்து அடைத்துப் போடுமா? கோவில்பட்டி நரம்பு மருத்துவர் மங்கையர்க்கரசியை அடைத்துப் போட்டது.

அடுத்தவர் மாதிரி பேசிக் காட்டுவதில் அவருக்குக் கொஞ்சம் பெருமை. பள்ளிக்கூடக் கூட்டம் ஒன்றில், பயந்துபோன பெற்றோர் போலக் கண்ணை உருட்டி, "கேம் ஆடினா மூளை உருகிடும்! போனைப் பிடுங்கினா வலிப்பு ஓடிடும்!" என்று நடித்தார். கூட்டம் சிரித்தது. "இதை நம்பி மாத்திரையை நிறுத்திடாதீங்க" என்று முடித்தார். யாரோ ஒரு புண்ணியவான் நடிப்பை மட்டும் வெட்டி வாட்ஸாப்பில் ஏற்றிவிட்டான். வெள்ளைக் கோட்டு போட்ட டாக்டரே சொல்கிறார், ஊர் நம்புவதற்கு வேறென்ன வேண்டும்?

இப்போது அவர் முன்னால் சண்முகக்கனி, பக்கத்தில் மகள் முத்தரசி. பேசிக்கொண்டிருக்கும்போதே சிறுமி சிலையாக நின்றுவிடுவாள். பிறகு எதுவும் நடக்காததுபோல் தொடர்வாள். அதுவும் ஒருவகை வலிப்பு. முன்பு மாத்திரை சாப்பிட்டு நன்றாக இருந்தவள்தான்.

"உங்க வீடியோ பார்த்த அன்னைக்கே போனைப் பீரோவுல வச்சுப் பூட்டிட்டேன் டாக்டரம்மா. பூட்டுன பிறகு மாத்திரை எதுக்குன்னு அதையும் நிறுத்திட்டேன். ஆனா நேத்து நடுரோட்டுல அப்படியே நின்னுட்டா. லாரிக்காரன் பிரேக் போட்டான், பிழைச்சா. எந்தம்பி கொம்பையா வாங்கிக் கொடுத்த போனு. அந்த விஷம் இன்னும் இறங்கலை."

கொம்பையா வாசலில் நின்றான். அக்கா தன்னோடு பேசுவதையே நிறுத்தியிருந்தும், மனசு கேட்காமல் பைக்கில் பின்னாலேயே வந்திருந்தான்.

"நான் அப்படிச் சொல்லலம்மா. அது நடிப்பு. மாத்திரை கண்டிப்பா வேணும்" என்றார் டாக்டர்.

சண்முகக்கனியின் முகம் மாறியது. "அப்பப் பொய் சொன்னீங்களா, இப்பப் பொய் சொல்றீங்களா?" மகளின் கையைப் பிடித்து எழுந்தாள்.

கெஞ்சி உட்கார வைத்துவிட்டு டாக்டர் வெளியே வந்தார். கொம்பையா ஓடி வந்தான். "போன்தான் காரணம்னே சொல்லிருங்க டாக்டரம்மா. விஷம் இறங்கத்தான் மாத்திரைன்னா எங்கக்கா கேக்கும். பழி எம்மேலயே இருந்துட்டுப் போகட்டும்."

டாக்டர் இரண்டையும் எடைபோட்டுப் பார்த்தார். உண்மையைச் சொன்னால் பிள்ளை மாத்திரை இல்லாமல் அதே ரோட்டுக்குப் போகும். பொய்யைச் சொன்னால் ஒரு பாவமும் அறியாத மாமன் வாசலிலேயே நிற்பான். வீடியோவில் நடிப்பாக வந்தது அவர் வாயிலிருந்து நிஜமாகவே வந்துவிடும். உள்ளே திரும்பினார். இந்த வலிப்பைச் சோதிப்பதற்காக மேசையில் வைத்திருந்த காகிதக் காற்றாடியை முத்தரசி விரலால் சுழற்றிக்கொண்டிருந்தாள்.

கொம்பையா சொன்ன வழி சரியா, டாக்டர் சொன்ன உண்மை சரியா? நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்?

விடை: மாத்திரையை நிறுத்த வைத்ததே அந்தப் பொய்தான். விஷம் இறங்கிவிட்டது என்று தாய் நினைக்கும் நாளில் மறுபடியும் நிறுத்த வைக்கும். உண்மையோ டாக்டர் வாயிலிருந்து வந்தால் எடுபடாது. ஆகவே அவர் எதுவும் சொல்லவில்லை. காற்றாடியைக் கொடுத்து, விடாமல் ஊதச் சொன்னார். வேகவேகமாக மூச்சு விட்டால் இந்த வலிப்பு தலைகாட்டும். ஊதிக்கொண்டிருந்த முத்தரசி சட்டென்று உறைந்தாள். காற்றாடி சுற்றி ஓய்ந்தது. "போன் எங்கம்மா இருக்கு?" என்று மட்டும் கேட்டார். "பீரோவுல… வெறும் மூச்சு ஊதுனதுக்கே வருதே" என்றாள் சண்முகக்கனி. வாசலைப் பார்த்து, "தம்பி, உள்ள வா" என்றாள். மருந்துச் சீட்டோடு மூவரும் போனார்கள். அடுத்து வந்தவர் உட்காருவதற்குள்ளேயே கேட்டார்: "அந்த வீடியோ டாக்டர் நீங்கதான?"