பெருச்சாளி வெட்டிய மேட்டுவழி

ஏரிக்கரைப் பள்ளத்தில் மொந்தையன் என்றொரு பெருச்சாளி வசித்தது. போன மழையில் ஏரி நிரம்பிப் பள்ளத்துக்குள் வெள்ளம் புகுந்தபோது, பூங்காவனம் என்ற முயலின் குட்டி மூழ்கவே பார்த்தது. பக்கத்தில் இருந்த மேடோ செங்குத்தான மண்சுவர். யாராலும் ஏற முடியாது.

மொந்தையனுக்கு மனசு தாங்கவில்லை. பள்ளத்திலிருந்து மேட்டு உச்சிவரை பூமிக்கடியில் ஒரு வழி வெட்டத் தொடங்கியது. அடுத்த மழைக்காலம் நெருங்கும்போது வேலை முடிந்தது. எல்லோரையும் கூப்பிட்டு, தானே முன்னால் நடந்தது.

"இங்கே தலையைக் குனி. வழி இரண்டாகப் பிரிகிறது பார், இடது பக்கம் வா."

உச்சிக்கு வந்ததும் கேட்டது, "எப்படி, நன்றாக இருக்கிறதா?"

"அருமை அண்ணே" என்றது பூங்காவனம்.

"உன் கைக்குத் தங்கக் காப்பே போடலாம்" என்றது முள்ளெலி.

மொந்தையனுக்குத் தலைகால் புரியவில்லை. அதன் கூட்டாளி உடும்பு மட்டும் மோவாயைத் தரையில் வைத்து யோசித்தது.

"ஏம்ப்பா, வெள்ளம் வரும்போதும் நீ முன்னால் நடப்பாயா?"

"அன்றைக்கு நான் எங்கே இருப்பேனோ, யார் கண்டது?"

"அப்படியானால் பூங்காவனம் தனியாக வரட்டும். நீ இங்கேயே உட்கார்ந்து கேள். வாயை மட்டும் திறக்காதே."

பூங்காவனம் கீழே போய் வழிக்குள் நுழைந்தது. மொந்தையன் தரையில் காதை வைத்தது. டப், டப் என்று காலடி ஏறி வந்தது. பிரியும் இடத்தில் நின்றது. பிறகு வலது பக்கம் திரும்பியது.

"ஐயோ, அது என் தானியக் கிடங்கு! இடது பக்—"

உடும்பு தன் வாலால் அதன் வாயைப் பொத்தியது. "சும்மா இரு. நீ சொல்லிவிட்டால் நமக்கு எப்படித் தெரியும்?"

மொந்தையன் தவித்தது. கிடங்குக்கு அப்பால் வழி கிடையாது. காலடி அங்கேயே சுற்றிச் சுற்றி வந்து, கடைசியில் திரும்பிக் கீழே போனது.

பூங்காவனம் கீழ் வாசலில் நின்று காதைத் தொங்கப்போட்டது. "தப்பு என்னுடையதுதான் அண்ணே. வழி நன்றாகத்தான் இருக்கிறது."

"முயலுக்கு மூளை கம்மி" என்று முணுமுணுத்தது மொந்தையன்.

"அப்படியா? முள்ளெலியை அனுப்பு" என்றது உடும்பு.

முள்ளெலியும் நேரே தானியக் கிடங்குக்கே போனது. பிறகு போன ஓணானும் அங்கேதான் போனது.

மொந்தையன் வழிக்குள் இறங்கிக் கீழே போனது. பிறகு பூங்காவனத்தின் அருகில் போய் மெதுவாகக் கேட்டது. இந்த முறை 'நன்றாக இருக்கிறதா' என்று கேட்கவில்லை.

"பிரியும் இடத்தில் நின்றாயே தங்கச்சி, அப்போது என்ன நினைத்தாய்?"

"இடது வழி கொஞ்சம் கீழே இறங்கியது அண்ணே. தண்ணீருக்குப் பயந்து ஓடும்போது கால் கீழே இறங்குமா? மேலே ஏறும் பக்கம் போனேன்."

மொந்தையனுக்குச் சுருக்கென்றது. ஒரு பாறையைச் சுற்றிப் போக இடது வழியைத் தாழ்வாக வெட்டியது அதுதான். வெட்டியவனுக்கு அது தெரியும். ஓடி வருகிறவர்களுக்கு எப்படித் தெரியும்?

"தானியத்தை வெளியே எடுங்கள்" என்றது மொந்தையன்.

"உன் கிடங்கு?" என்றது உடும்பு.

"எல்லாக் காலும் அங்கேதான் போகிறது. வழியும் அங்கேதான் இருக்க வேண்டும்."

இடது வழியை மண்ணால் அடைத்தது. கிடங்கின் சுவரை உடைத்து உச்சிவரை வெட்டியது. மறுபடியும் ஒவ்வொருவராகத் தனியே நடக்கவிட்டு, வாய் திறக்காமல் கேட்டது. எல்லோரும் வந்து சேர்ந்தார்கள்.

ஒரு மத்தியானம் பெருமழை கொட்டியது. மொந்தையன் அப்போது அக்கரையில் மாட்டிக்கொண்டது. தண்ணீர் வடிந்ததும் மேட்டுக்கு ஓடி வந்து பார்த்தால், பூங்காவனம் குட்டிகளுக்கு முதுகை நக்கிவிட்டுக்கொண்டிருந்தது. முள்ளெலி தூங்கிக்கொண்டிருந்தது.

"வழியில் ஒன்றும் சிரமம் இல்லையே?" என்றது மொந்தையன்.

"எந்த வழி?" என்ற பூங்காவனம், "ஓ, அதுவா! ஓடினோம், வந்துவிட்டோம். நீ சாப்பிட்டாயா அண்ணே?" என்று கேட்டது.

மொந்தையன் வயிறு குலுங்கச் சிரித்தது.

பிறருக்காக ஒன்றைச் செய்தால், அவர்கள் சொல்லும் பாராட்டைக் கேட்டு நின்றுவிடாமல், அவர்கள் அதைப் பயன்படுத்துவதை வாய் பேசாமல் கவனித்துத் திருத்த வேண்டும்.