எழுபது தப்படி

மலைமேல் கோடைக் கலைவிழா. நான்கு மாலையும் ஒரே சிம்பொனி. வாசிப்பவர்கள் எண்பது பேர். கடைசியில் மேடையில் எல்லா வாத்தியமும் அடங்கிவிடும். அரங்குக்கு வெளியே, எங்கோ தூரத்தில், ஒரு டிரம்பெட் மட்டும் ஒலிக்கும்.

அதை ஊதுகிறவர் இருதயராஜ். வயது ஐம்பத்தொன்று. திருச்சியில் பேண்டு செட்டில் இருந்தவர். கல்யாணம் குறைவு, சாவு அதிகம். அவருக்கு இசை நோட்டு படிக்கக் கற்றுக்கொடுத்தவள் நளாயினி. அவரைவிடப் பத்து வயது இளையவள். அவர் அவளை டீச்சர் என்பார். அவள் அவரை அண்ணே என்பாள்.

அவர் நிற்க வேண்டிய இடம் பின்வாசலிலிருந்து எழுபது தப்படி தள்ளி, சைப்ரஸ் மரத்தடி. வாசலில் ஒருவர் கதவைத் திறந்து டார்ச் அடித்தால் ஊத வேண்டும். ஊதி முடித்ததும் கதவைச் சாத்திவிடுவார்கள். உள்ளே எண்பது பேரும் எழுந்து நின்று கைதட்டல் வாங்குவார்கள். இவர் பனியில் நின்று உதட்டைத் துடைத்துக்கொண்டிருப்பார்.

முதல் நாள் மரத்தடியில் நின்றார். இரண்டாம் நாள் தண்ணீர்த் தொட்டியருகே. மூன்றாம் நாள் பின்வாசல் படிக்கட்டுக்கே வந்துவிட்டார்.

இசை நடத்துநர் கத்தித் தீர்த்தார். "நாளைக்கும் இப்படின்னா இந்த ஆள் வேணாம். ஒலிப்பதிவைப் போட்டுக்கலாம்."

நான்காம் நாள் மதியம், காலி அரங்கில் நளாயினி கேட்டாள்.

"ஏண்ணே கிட்ட கிட்ட வர்றீங்க?"

"குளிரு டீச்சர்."

"பொய்."

அவர் டிரம்பெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மூணு நாளா தனியா நிக்கிறேன். சாவு வீட்டுலகூட பக்கத்துல ஒரு மோளக்காரன் இருப்பான். இன்னைக்கு பவுலின் வேற வர்றா. கட்டின நாள்லேர்ந்து நான் பாடைக்கு முன்னால ஊதிக்கிட்டுப் போனதை மட்டும்தான் பாத்திருக்கா. ஒரு தடவை கோட்டு சூட்டோட பாக்கட்டுமே. வாசல்ல நின்னு மெதுவா ஊதுறேன். தூரமாத்தானே கேக்கணும்? கேக்கும்."

"எழுபது தப்படி."

"முப்பது."

"எழுபது."

"சரி, உங்களுக்கும் வேணாம், எனக்கும் வேணாம். நாப்பது."

"இதென்ன மீன் கடையா? குடுங்க அதை. கடைசி வரிசையில போய் உக்காருங்க."

உட்கார்ந்தார். அவள் வாசலில் நின்று மெல்ல ஊதினாள்.

"எப்படி இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு. புள்ள தூங்குற வீட்டுல ஊதுற மாதிரி."

அவள் டிரம்பெட்டோடு வெளியே போனாள். செருப்புச் சத்தம் தேய்ந்து நின்றுபோனது. வெகுநேரம் ஒன்றுமில்லை. எண்ணூறு காலி நாற்காலிகளுக்கு நடுவில் அவர் ஒருவர்தான்.

பிறகு அது வந்தது.

ஊதி முடித்து நளாயினி கண் திறந்தபோது இருதயராஜ் மரத்தடியில் அவள் எதிரே நின்றார். அவளுக்கு மூச்சு வாங்கியது. கழுத்து நரம்பு இன்னும் புடைத்திருந்தது.

"மெதுவா ஊதலையா டீச்சர்?"

"இருக்கிற மூச்சு மொத்தமும் ஊதினேன்."

அவர் திரும்பி அரங்கைப் பார்த்தார். இங்கிருந்து அது சின்னதாகத் தெரிந்தது.

"எப்ப எந்திரிச்சேன், எப்படி வந்தேன்னு தெரியலை," என்றார்.

அவள் டிரம்பெட்டை அவர் கையில் கொடுத்தாள்.

"இங்க நின்னா பவுலின் என்னைப் பாக்கவே மாட்டாளே."

"பாக்க மாட்டாங்க."

"அப்புறம் அவ வந்து என்ன புண்ணியம்?"

"வாசல்ல நான் ஊதினப்போ நீங்க உக்காந்தேதான் இருந்தீங்க அண்ணே."