உதவி இல்லாத ஆட்டம்

நீலகிரியில் ஒரு கோல்ஃப் கிளப். அங்கே டெலிபோன் ஆபரேட்டராக இருந்த எஸ்தருக்குப் பார்வை கிடையாது. ஆனாலும் நாலு வருஷமாக கோல்ஃப் ஆடி வந்தாள். கணவர் சார்லஸ் மட்டையைப் பந்துக்குப் பின்னால் சரியாக வைத்து, தூரமும் திசையும் சொல்லுவார், அடிப்பது அவள்.

அந்த வருஷப் போட்டிக்கு அவள் பெயர் கொடுத்ததும் கிளப் தலைவர் நஞ்சுண்டன் எல்லோர் முன்னாலும் சிரித்தார்.

"ஒருத்தர் பக்கத்துல நின்னு சொல்லிக்கொடுத்தா அது ஆட்டமாம்மா? யார் உதவியும் இல்லாம ஆடு, சேர்த்துக்கறேன்."

எஸ்தருக்குச் சுருக்கென்றது. ஆனாலும் நிதானமாகக் கேட்டாள்: "இந்த விதி எல்லாருக்குமா சார்?"

"எல்லாருக்கும்தான்!"

"அப்போ முதல்ல நீங்க அடிங்க சார்."

நஞ்சுண்டன் மைதானத்தில் பந்தருகே மிடுக்காகப் போய் நின்றார். தூரத்துக் குழியில் நட்டிருந்த கொடியைப் பார்த்தார். பிறகு பழக்க தோஷத்தில், தன் பையைத் தூக்கிவரும் பெள்ளியிடம் திரும்பினார்.

"எத்தனை கஜம் பெள்ளி? எந்த மட்டையை எடுக்கட்டும்?"

"நான் சொன்னா உதவியாயிடும் சார்," என்றார் பெள்ளி.

சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். எஸ்தர் சிரிக்கவில்லை.

"உங்களுக்கு அவர் சொல்றார், எனக்கு என் வீட்டுக்காரர் சொல்றார். அடிக்கிறது நாமதானே சார்?"

நஞ்சுண்டன் மட்டையைக் கீழே வைத்தார். பிறகு அவள் பெயரைத் தன் கையாலேயே பட்டியலில் எழுதினார்.

போட்டியன்று கடைசிக் குழியருகே எஸ்தர் பந்திலிருந்து குழிவரை நடந்து, புல்தரையின் சரிவைக் காலால் அறிந்துகொண்டாள். சார்லஸ் குழிக்குள் கொடிக்கம்பைத் தட்டினார். அந்தச் சத்தத்தை நோக்கி அவள் உருட்டிய பந்து விளிம்பைச் சுற்றி உள்ளே விழுந்தது.

அடுத்து ஆட வேண்டியவர் நஞ்சுண்டன். பந்தை உருட்டுவதற்கு முன், அவரும் அந்தச் சரிவில் மெதுவாக நடந்து பார்த்தார்.