சாடியின் அடியில் இரண்டு எழுத்து

பிள்ளையில்லாமல் இறந்த பெண்ணின் சீர்ச்சாமான் பிறந்த வீட்டுக்குத் திரும்ப வேண்டும் என்பது செட்டிநாட்டு வழக்கம். எது அவளுடையது என்பதில் தகராறு வருவதில்லை. கல்யாணத்துக்கு முன்பே பாத்திரங்களில் பேர் வெட்டிவிடுவார்கள். உளியால் தட்டித் தட்டி, புள்ளி புள்ளியாக. பேர் யாருடையதோ சாமானும் அவர்களுடையது. உமையாள் விஷயத்தில் மட்டும் அது பிசகிப்போயிற்று.

உமையாளின் காரியங்கள் முடிந்ததும் சாமான் எடுக்கத் தம்பி வைரவன் வந்தான். அக்காளுக்குக் கல்யாணம் நடந்தபோது அவனுக்கு விவரம் தெரியாத வயது. வளர்ந்ததும் சிங்கப்பூர் போனவன், அதன்பின் அந்த வீட்டுக்குள் கால் வைத்தது இந்தச் சாவுக்குத்தான். அவள் காதுத் தோட்டைத் தவிர எடுத்துப்போகப் பெரிதாக ஒன்றுமில்லை. அப்பச்சி என்று அவர்கள் கூப்பிடும் தகப்பனார் காசிநாதன் தொழிலில் நொடித்துப்போன வருஷத்தில் நடந்த கல்யாணம் அது. ஒரு பித்தளை அண்டா, சில தூக்குகள், ஒரு குத்துவிளக்கு. கூடத்து மூலையில் அடங்கிவிட்டன.

உமையாளின் அறையில் ஒரு கண்ணாடிச் சாடி இருந்தது. மாதுளை முத்தின் சிவப்பு. அந்தச் சிவப்பைச் சீவி, உள்ளிருக்கும் வெள்ளைக் கண்ணாடி தெரியும்படி காடும் மான்களும் செதுக்கியிருந்தது. வைரவன் அதைக் கவிழ்த்துப் பார்த்தான். அடியில் 'கா. உ.' என்று இருந்தது. காசிநாதன் மகள் உமையாள்.

"இதுவும் ஆச்சியோடதுதான்," என்றான். அக்காளை அவன் ஆச்சி என்றுதான் சொல்வான். "அப்பச்சி சைகோன்லேர்ந்து கொண்டாந்ததுன்னு போன்ல எங்கிட்டயே சொல்லியிருக்கு."

உமையாளின் மாமியார் சிகப்பி சிரித்தாள். "உங்கப்பச்சி சைகோனைப் படத்துலகூடப் பாத்ததில்லையேப்பா! இது எங்க மாமனார் ரங்கூன்ல வாங்குனது. பூப் போட்டு வைக்க அவளுக்குக் குடுத்தேன். சாவு வீட்டுக்கு வந்த எடத்துல பேர் வெட்டிக்கிட்டியாக்கும்?"

கூடத்தில் பங்காளிகள் உட்கார்ந்திருந்தார்கள். வைரவனுக்கு முகம் செத்துவிட்டது. சாடி போனால் போகிறது. திருடன் என்ற பேரோடு எப்படிப் படி இறங்குவது?

"அவன் வெட்டலை, ஆத்தா," என்றார் தூணில் சாய்ந்திருந்த நாச்சியப்பன், உமையாளின் கணவர்.

"ஒனக்கு எப்படித் தெரியும்?"

அவர் மடித்த துண்டையே மறுபடி மடித்துக்கொண்டிருந்தார்.

பங்காளிகள் பேசி, புதுச்சேரியிலிருந்து எஸ்தர் என்ற பெண்மணியை வரவழைத்தார்கள். பழைய கண்ணாடியைப் பார்த்து, எந்த நாட்டுப் பட்டறையில் செய்தது என்று சொல்வது அவர் தொழில்.

"ஐரோப்பாவுல பொஹீமியா," என்றார் எஸ்தர், சாடியைச் சன்னல் பக்கம் திருப்பி. "சிவப்பு தோல் மாதிரி மேலாக மட்டும் இருக்கு. அதை வெட்டி மானும் காடும் கொண்டுவர்றது அவங்க கை."

"அப்ப ரங்கூன்தானே?" என்றாள் சிகப்பி.

"ரங்கூன்லயும் வித்திருக்கும், சைகோன்லயும் வித்திருக்கும்மா. செஞ்ச ஊரைத்தான் கண்ணாடி சொல்லும். வாங்குன ஆளைச் சொல்லாது." அடி விளிம்பில் பொன் மையால் எழுதிய ஒரு பொடி எண்ணை அவர் விரல் தொட்டது. "ஏழு. இதுக்கு மூடி உண்டு. ஒண்ணுக்கொண்ணு மாறிடாம இருக்க ரெண்டுலயும் ஒரே எண் போடுவாங்க."

சிகப்பி எழுந்துபோய்த் தன் பெட்டகத்திலிருந்து ஒரு சிவப்பு மூடியைக் கொண்டுவந்தாள். "நான் இந்த வீட்டுக்கு வந்த நாள்லேர்ந்து எங்கிட்ட கெடக்கு." மூடியின் உட்புறம் அதே பொன் மையில் ஏழு. சாடியில் வைத்ததும் அசையாமல் பொருந்தியது.

வைரவன் தலை குனிந்தான். "ஆச்சி பொய் சொல்லாது," என்று மட்டும் சொன்னான்.

எஸ்தர் லென்ஸை எடுத்து எழுத்தைப் பார்த்தார். அடி முழுவதும் அலமாரியில் இழுபட்ட பழைய கீறல்கள். எழுத்து அவற்றை அறுத்துக்கொண்டு போயிற்று. ஆனால் எழுத்தின்மேலும் சன்னமாகச் சில கீறல்கள் ஓடின. பள்ளத்தில் அழுக்கு கறுத்து இறுகியிருந்தது. உளி தட்டிய புள்ளிகள் எழுத்தில் இல்லை. நடுங்கி நடுங்கி இழுத்த கோடுகள்.

"உளி பட்டிருந்தா உடைஞ்சிருக்கும்," என்று முணுமுணுத்தார்.

சிகப்பி அதைக் காதில் வாங்கவில்லை. உமையாள் போட்டிருந்த வைரத்தோட்டை வைரவன் கையில் வைத்தாள். "இந்தா, ஒங்க வீட்டுத் தோடு. ஒண்ணுல கல்லு ஆடுது. ஒழுங்கா வச்சுக்கத் தெரிஞ்சாத்தானே! ஒன் வீட்டுச் சாமான்னு நாலு பேருக்குக் காட்ட என்ன இருக்குன்னு அவ வந்த நாள்லேர்ந்து கேட்டேன். ஒரு நாள் வாயைத் தொறக்கலை."

எஸ்தர் கல் ஆடும் தோட்டை வாங்கி லென்ஸுக்குக் கீழே பிடித்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு அதை வைரவனின் உள்ளங்கையில் வைத்து, அவன் விரல்களை மூடிவிட்டார்.

"சாடி இந்த வீட்டுதுதான். ஆனா எழுத்து பல வருஷப் பழசு. தம்பி வெட்டலை. இதுக்கு மேல கண்ணாடி சொல்லாது."

நாச்சியப்பன் நிமிர்ந்து எஸ்தரைப் பார்த்தார். பார்த்த வேகத்தில் குனிந்துகொண்டார்.

கதையை இங்கே நிறுத்திவிட்டுக் கேட்கிறேன். அந்த எழுத்தைக் கீறியது யார்? எதைக்கொண்டு? அது தெரிந்தும் சொல்லாமல் இருந்தவர்கள் இருவர். அவர்களில் யார் செய்தது சரி?

*

விடை: கீறியது உமையாள். கண்ணாடியில் அப்படிக் கோடு இழுக்க வைரம் வேண்டும். கல் ஆடியது அதனால்தான். சாடியை அபகரிக்க அவள் நினைக்கவில்லை. மாமியார் கேள்விக்கு ஒரு பதில் தயார் செய்தாள், காட்டத் துணியவில்லை. தம்பியிடம் மட்டும் சொன்னாள், அப்பச்சி தன்னை வெறுங்கையோடு அனுப்பவில்லை என்று அவனாவது நம்பட்டும் என்று. எஸ்தர் உயிரோடிருப்பவனின் பழியைத் துடைத்துவிட்டு, இறந்தவளின் ரகசியத்தை மூடி வைத்தார். அது சரி. நாச்சியப்பன் அதே அறையில் படுத்தவர். வைரம் கண்ணாடியில் இழுபடும் ஓசை கேட்காதிருக்காது. வைரவனுக்காகச் சொன்னதுபோல் ஒரு வார்த்தையை, மனைவிக்காக அம்மாவிடம் ஒரு நாள் சொல்லியிருந்தால், அவள் கீறியிருக்கவே மாட்டாள்.

சாடி இப்போது மூடியோடு கூடத்து அலமாரியில் இருக்கிறது. அதைத் துடைப்பது நாச்சியப்பன்தான். கவிழ்த்துத் துடைப்பதில்லை.