வளைவில் நின்ற ரயில்

களைத்துப்போன மூன்று பேரின் கதை இது. புதிரும் இதற்குள்ளேயே கிடக்கிறது. கொட்டாவி விடாமல் கேட்டால் அகப்படும்.

ஓட்டுநர் இல்லாத ரயிலுக்குக் காதும் வாயும் கூரையிலுள்ள ஆன்டெனாதான். போகவும் நிற்கவும் கட்டளை ஓர் அலைவரிசையில் வரும். அவசரப் பேச்சு இன்னொன்றில், பயணிகளின் வைஃபை வேறொன்றில். மூன்றையும் ஒரே ஆன்டெனாவில் அடக்கிக் காட்டினாள் பூங்கோதை. அதற்காக அவள் தூங்காத வருடங்களை யாரும் திருப்பித் தரப்போவதில்லை. ரயிலின் இரண்டு முனையிலும் ஒவ்வொன்று பொருத்தினார்கள். எந்த முனை முன்னால் போகிறதோ, அங்குள்ள ஆன்டெனாதான் பேசும்.

முதல் நாள் சோதனை ஓட்டம் ஒழுங்காக முடிந்தது. மறுநாளிலிருந்து பிடித்தது சனி. போகும்போது, டவர் தூரமாக இருக்கும் வளைவில் கட்டளை அறுந்து ரயில் நின்றுவிடும். திரும்பும்போது அதே வளைவை அலட்டிக்கொள்ளாமல் தாண்டிவிடும்.

பூங்கோதைக்குச் சாமி பக்தி அதிகம். தினமும் காலையில் ஏணியில் ஏறி, போகும்போது முன்னால் இருக்கும் முன்முனை ஆன்டெனாவுக்குக் குங்குமம் வைத்து மாலை போடுவாள். முதல் நாள் போட்ட சாமந்தி உதிர்ந்து தண்டவாளமெல்லாம் குப்பையானது என்று பணிமனையில் முணுமுணுத்தார்கள். அதனால் பளபளக்கும் சரிகை மாலைக்கு மாறினாள். பின்முனைக்கு மாலை கிடையாது. வாலுக்கு யார் மாலை போடுவார்கள்?

"உங்க டிசைன்தான் இடிக்குது மேடம்," என்றார் பொருத்துநர் ஸ்டீபன்ராஜ்.

"நீங்க ஒழுங்கா முடுக்கல," என்று எரிந்து விழுந்தாள் பூங்கோதை.

"வளைவுலதான் ஏதோ இருக்கு," என்றார் திட்ட அதிகாரி தணிகாசலம்.

முன்னாலிருந்ததைப் பின்னாலும் பின்னாலிருந்ததை முன்னாலும் மாற்றிப் பார்த்தார்கள். அப்போதும் போகையில் நின்றது, வருகையில் ஓடியது. மாலையைக் கழற்றிக் கண்ணில் ஒற்றிவிட்டு, ஆன்டெனாவை ஆய்வகத்துக்குக் கொண்டுபோனால் எல்லாம் சரியாகவே இருந்தது.

கடைசியில் தணிகாசலம் சொன்னார்: "நாளைக்கும் நின்னா, கழட்டிட்டு பழைய மூணு ஆன்டெனாவையே மாட்டிடலாம்மா. என்னால மேல பதில் சொல்ல முடியல."

"சரி சார்," என்றாள். எதிர்த்துப் பேசத் தெம்பில்லை.

மறுநாள் காலை ஏணியில் ஏறினாள். குங்குமம் வைத்தாள். மாலையைத் தூக்கிய கை பாதியில் நின்றுவிட்டது.

டிசைனா, பொருத்தியதா, வளைவா? தவறு யாருடையது? அவள் கை ஏன் நின்றது?

விடை: ஆன்டெனாவில் குறையென்றால் இடம் மாற்றியபோது அதுவும் கூடவே மாறியிருக்கும். பொருத்தியதில் என்றால் முதல் நாளே நின்றிருக்கும். வளைவில் என்றால் திரும்பும்போதும் நின்றிருக்கும். மிச்சமிருப்பது, மறுநாளிலிருந்து முன்முனையில் மட்டும் ஏறிய சரிகை மாலை. அதன் உலோக இழைதான் அலையைக் குலைத்தது. பூங்கோதை மாலையைக் கைப்பையில் சுருட்டிக்கொண்டு ரயிலில் ஏறினாள். வளைவு வந்தது, போனது. கைதட்டிய ஸ்டீபன்ராஜ், அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "ஓடிடுச்சில்ல மேடம், ஏன் அழறீங்க?"

"மாலை போட்டது நான்தானே, ஸ்டீபன்."